ரெண்டு ஒயர் குடுக்கற சோலி

செப்டம்பர் 18, வியாழன்

அலுவலகத்துக்கு அனுப்புகிற ரிப்போர்ட்டில் மரியாதையாக எழுத வேண்டும். 'வாடிக்கையாளர் தரப்பில் சில ஏற்பாடுகள் நிலுவையில் உள்ளன' என்று எழுத வேண்டும். இந்த நோட்டில் அந்தக் கட்டாயம் இல்லை. உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன்: இவர்கள் ஒரு மண்ணும் செய்து வைக்கவில்லை.

கோயம்புத்தூர். பம்ப் கம்பெனி. முதலாளி பெயர் நாச்சிமுத்து. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் வரிசையாகப் பேனாக்கள். ஒன்றாவது எழுதுமா என்பது சந்தேகம். பம்புக்குள் சுற்றுகிற இம்பெல்லர் என்ற எவர்சில்வர் சக்கரத்தை இத்தனை காலம் ஆள் வைத்து வெல்டிங் செய்துகொண்டிருந்தவருக்கு, பக்கத்துக் கம்பெனிக்காரன் லேசர் வாங்கிவிட்டான் என்றதும் தானும் வாங்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. வாங்கிவிட்டார். லேசர் வெளிநாட்டிலிருந்து வந்து பாலிதீன் உறைகூடப் பிரிக்காமல் நிற்கிறது. அதைச் சுற்றி ஓர் இரும்புக் கூண்டு, கூண்டுக்கு ஒரு கதவு. கதவு, எமர்ஜென்சி பட்டன், இம்பெல்லரைச் சுற்றுகிற மேசை, கன்ட்ரோல் பேனல் எல்லாவற்றையும் லேசரோடு இணைத்து, கதவு திறந்த நொடியில் லேசர் செத்துப்போகும்படி செய்துவிட்டுப் போவது என் வேலை.

"ஆயுத பூஜைக்கு ஓட்டோணுமுங்க," என்றார்.

நாள் போதாது என்றேன்.

"ரெண்டு ஒயர் குடுக்கற சோலிதானுங்களே. அதுக்கென்னங்க அத்தன நாளு?"

நான் இந்தத் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து இதைக் கேட்காத முதலாளியைப் பார்த்ததில்லை. இருதய ஆபரேஷன் செய்கிற டாக்டரிடம் போய் ரெண்டு தையல்தானே என்று கேட்பார்களா? இவர் கேட்பார்.

லாட்ஜ் தலையணையில் எனக்கு முன்னால் தங்கியவருடைய தேங்காயெண்ணெய் வாசனை.

செப்டம்பர் 19, வெள்ளி

கம்பெனி எலக்ட்ரீஷியன் ஜோதிலிங்கத்தைப் பார்த்தேன். காதில் ஒரு டெஸ்டர் செருகியிருக்கிறான். அதுதான் அவனுடைய பட்டம்.

கதவிலிருந்து லேசருக்கு இரண்டு தனித்தனி ஜோடி ஒயர் போக வேண்டும். இரண்டும் சொல்கிற சேதி ஒன்றுதான்: கதவு திறந்துவிட்டது, நிறுத்து. ஒன்று ஒட்டிக்கொண்டாலோ அறுந்தாலோ மற்றொன்று சொல்லிவிடும். வரைபடத்தில் குழந்தைக்கும் புரியும்படி போட்டிருக்கிறது. இந்த மகானுபாவன் ஒரு ஜோடி மட்டும் இழுத்து, லேசருக்குப் பக்கத்தில் வந்ததும் அதை இரண்டாகப் பிரித்து இரண்டு இடத்திலும் மாட்டி வைத்திருக்கிறான்.

"என்னய்யா இது?"

"ஒரே சேதியச் சொல்ல எதுக்குங் சார் ரெண்டு? ஒயர் மிச்சம் பண்ணிப்போட்டேன்."

பெருமையாக வேறு சொல்கிறான். "உனக்கு ரெண்டு கண்ணு எதுக்குய்யா? ஒண்ணைத்தானே பாக்குற?" என்று கேட்டேன். சிரித்தான். நான் சிரிப்புக்காகக் கேட்கவில்லை.

எல்லாவற்றையும் பிடுங்கச் சொன்னேன். "சரிங்க" என்றான். இந்த ஊரில் எதற்கும் ஒரு 'ங்க' போட்டுவிடுகிறார்கள். வேலை செய்யாததற்கும் 'ங்க'.

செப்டம்பர் 20, சனி

மெஷினை ஓட்டப்போகிற அம்மாளுக்கு வகுப்பு. பெயர் கலாமணி. கை வெல்டிங்கில் இருந்தவர், நாற்பது வயதிருக்கும். வாய் மூடாது. பள்ளிக்கூடம் போகிற பெண் ஒருத்தி இருப்பதும், அவள் படிக்காததும், அதற்கு யார் காரணம் என்பதும் அரை மணியில் எனக்குத் தெரிந்துவிட்டது.

எங்கள் சென்னைக் கம்பெனியில் புதிதாகச் சேருகிறவர்களுக்கெல்லாம் வருஷா வருஷம் நான் எடுக்கிற அதே வகுப்புதான். லேசரில் இரண்டு ஒளி. சிவப்புப் புள்ளி ஒன்று வரும். அது எங்கே சுடப்போகிறது என்று காட்டுவதற்கு, அது ஒன்றும் செய்யாது. சுடுகிற ஒளிக்கு நிறமே இல்லை. கண்ணுக்குத் தெரியாது. பளபளப்பான எவர்சில்வரில் பட்டுத் தெறித்து வருகிற துளி போதும், கண்ணுக்குப் பின்னால் இருக்கிற திரையில் ஓட்டை போட்டுவிடும். வலிக்காது. அந்த ஓட்டையை எந்த டாக்டராலும் அடைக்க முடியாது.

"கண்ணுக்கே தெரியாததுக்கு எப்படிங் சார் பயப்படறது?"

"பேய்க்குப் பயப்படுறீங்களே, அது தெரியுதா?"

"பேயி கூப்புட்டு நாலு பேரு கேட்ருக்காங்களே."

தலையில் அடித்துக்கொண்டேன். அதனால்தான் கதவு, அதனால்தான் அந்த ஒளியைத் தடுக்கிற பச்சைக் கண்ணாடி, கதவை ஏமாற்றிவிட்டு லேசரை ஓட்டுகிற இன்ஜினியருக்கு எங்கள் கம்பெனியில் அன்றைக்கே சீட்டுக் கிழியும் என்று சொன்னேன். அந்த விதியை எழுதிய கமிட்டியில் நானும் இருந்தேன். வாக்கியமே என்னுடையது. மற்றவர்கள் எழுதிய வாக்கியத்தில் வினைச்சொல்லே இல்லை.

செப்டம்பர் 21, ஞாயிறு

லாட்ஜ் டிவியில் ஒரே சேனல் வருகிறது. அதிலும் சமையல்.

செப்டம்பர் 22, திங்கள்

ஜோதிலிங்கம் இரண்டாவது ஜோடி ஒயர் இழுத்துவிட்டான். எதிலும் பெயர்ச்சீட்டு இல்லை. எது எந்த ஒயர் என்று கேட்டால் "தெரியுமுங்க" என்கிறான். உனக்குத் தெரியும், நீ செத்துப்போனால் யாருக்குத் தெரியும் என்றதற்கு, வாயில் நல்ல வார்த்தை வரட்டும் என்று கலாமணி என்னைக் கண்டிக்கிறார்.

கதவை லேசாக அசைத்ததும் லேசர் பூட்டிக்கொண்டுவிட்டது. ஒரு சானல், அதாவது ஒரு ஜோடி ஒயர், 'திறந்தாச்சு' என்கிறது, மற்றது 'இன்னும் இல்லை' என்கிறது. இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் லேசர் யாரையும் நம்பாது. ஆள் வந்து சரிசெய்து ரீசெட் போடும்வரை கல்லு மாதிரி நிற்கும். இந்தக் கட்டடத்தில் புத்தியுள்ள ஜீவன் அது ஒன்றுதான். நாச்சிமுத்து வந்து பார்த்து, "புது மெஷின் இப்பவே பழுதுங்களா?" என்றார். பழுதைக் கண்டுபிடித்திருக்கிறது ஐயா என்றேன். நம்பவில்லை.

கதவு சுவிட்சை நேராக்கியதும் சரியாகிவிட்டது. சாயங்காலம் போவதற்கு முன், மேசை சுற்றத் தொடங்கியதும் லேசருக்குச் 'சுடு' என்று சொல்கிற ஒயரை நானே மாட்டினேன். அதையெல்லாம் டெஸ்டர் செருகியவனிடம் கொடுக்க முடியாது.

செப்டம்பர் 23, செவ்வாய்

இன்று சிவப்புப் புள்ளியை இம்பெல்லரின் விளிம்புக்கு நேராகக் கொண்டுவருகிற வேலை. உள்ளே தலையை விட்டுப் பார்த்துத்தான் செய்ய முடியும். ஆனால் கதவு திறந்தால் எல்லாம் நின்றுவிடுகிறது, மேசைகூடச் சுற்றாது. மஞ்சள் ஒயரில் இரண்டு துண்டு வெட்டி, கதவின் சானல் ஒவ்வொன்றுக்கும் ஒரு துண்டாகப் பேனலுக்குள் கட்டினேன். லேசரைப் பொறுத்தவரை கதவு சாத்தியிருக்கிறது. சிறிது நேர வேலை. என்ன செய்கிறோம் என்று தெரியாதவர்களுக்காகத்தான் விதி.

பச்சைக் கண்ணாடி போட்டால் சிவப்புப் புள்ளி தெரிந்து தொலைக்காது. கழற்றி வைத்துவிட்டு, தச்சன் பலகை பார்க்கிற மாதிரி இடது கண்ணை மூடிக்கொண்டு வலது கண்ணால் பார்த்தேன். மேசையைச் சுற்றுவதற்குப் பட்டனை அழுத்தினேன்.

பளிச்சென்று ஒன்று. தலைக்குள் எங்கோ 'டொப்' என்று சத்தம்.

மேசை மட்டும்தான் சுற்றியிருக்க வேண்டும். ஜோதிலிங்கத்தின் லூஸ் கனெக்‌ஷன் ஏதாவது பொறி விட்டிருக்கும். எட்ட நின்று பார்த்துக்கொண்டிருந்தவனைக் கூப்பிட்டு வாய்க்கு வந்தபடி திட்டினேன். பேந்தப் பேந்த முழித்தான். முழிக்கட்டும். மஞ்சள் ஒயரைப் பிடுங்கிக் கீழே எறிந்துவிட்டு, 'சுடு' ஒயரை ஒருதரம் கழற்றி மாட்டினேன். அது சரியாகத்தான் மாட்டியிருந்தது.

மதியம் அரிசிம்பருப்பு சாதம். நெய் ஊற்றினார்கள். அது ஒன்றுதான் இந்த ஊரில் உருப்படி.

செப்டம்பர் 24, புதன்

இந்த லாட்ஜ் தண்ணீரில் என்ன கருமம் இருக்கிறதோ, மூக்குக்கண்ணாடியில் ஒரு கறை படிந்து போகமாட்டேன் என்கிறது. சட்டையில் துடைத்தேன், சோப்புப் போட்டுக் கழுவினேன். அப்படியே இருக்கிறது. கழற்றினாலும் இருக்கிறது போலத் தோன்றுகிறது. தூக்கம் போதவில்லை.

வெல்டிங்கைப் பார்க்கிற லென்ஸிலும் அழுக்கு. இவர்கள் எதைத்தான் துடைத்தார்கள். ஸ்க்ரூடிரைவர் இரண்டு தடவை திருகுக்குப் பக்கத்தில் போய் இறங்கியது. முனை தேய்ந்த மட்டமான ஸ்க்ரூடிரைவர். ஜோதிலிங்கத்துடையது.

செப்டம்பர் 25, வியாழன்

ஹேமலதா வீடியோ காலில் வந்தாள். கட்டிலில் இடது பக்கமாக ஒருக்களித்து, பாதி முகம் தலையணையில் புதையப் படுத்துக்கொண்டு பேசினேன். இந்த ஊர் நெட்வொர்க்கின் லட்சணம், என் மனைவியின் முகம் மட்டும் வரவில்லை. தலைமுடி வருகிறது, தோடு வருகிறது, பின்னால் சமையலறையில் குக்கர்கூட வருகிறது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் பூசிய மாதிரி இருக்கிறது.

"உன் போனைத் துடை," என்றேன்.

"எல்லாம் துடைச்சாச்சு. நீங்க ஏன் எங்கேயோ பாத்துப் பேசுறீங்க?"

எழுந்து உட்கார்ந்ததும் நெட்வொர்க் சரியாகிவிட்டது.

தரையில் டைல்ஸ் போட்டவனுக்கு நூல் பிடிக்கத் தெரியாது. கோடு நடுவில் வளைகிறது. நிற்கும்போது தெரியவில்லை, படுத்தால் தெரிகிறது.

செப்டம்பர் 26, வெள்ளி

கதவு டெஸ்ட் முடிந்தது. திறந்தால் சாகிறது. எமர்ஜென்சி அழுத்தினால் சாகிறது. ஒரு ஒயரை மட்டும் பிடுங்கினால் பூட்டிக்கொள்கிறது. என் வேலையில் குறை சொல்ல ஆள் பிறக்க வேண்டும்.

செப்டம்பர் 27, சனி

கலாமணிக்கு மெஷினை ஓட்டக் கற்றுக்கொடுத்தேன். ஒரு தடவை சொன்னால் பிடித்துக்கொள்கிறார், ஆனால் அந்த ஒரு தடவைக்குள் ஒன்பது கதை சொல்லிவிடுகிறார். பச்சைக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கலியாணத்துக்குப் போகிற மாதிரி செல்ஃபி எடுத்துப் பெண்ணுக்கு அனுப்பினார்.

திடீரென்று கேட்டார். "ஏனுங் சார், நாலு நாளா பாக்கறேன், எங்கூடப் பேசறப்ப என்ர காதப் பாத்தே பேசறீங்களே, ஏனுங்க? மொதலாளிகிட்டயும் அப்படித்தான். மூஞ்சியப் பாக்கக்கூட நாங்க லாயக்கில்லையான்னு அவரு கேட்டாரு."

வேலையைப் பாருங்கம்மா என்றேன்.

"கோவிச்சுக்காதீங்க. ஒரு கண்ண மூடிட்டுப் பாருங்க. அப்பறம் இன்னொரு கண்ணு. எங்க மாமியாருக்குப் புரை வந்தப்ப அப்படித்தான் கண்டுபுடிச்சோம்."

எனக்குப் புரை வருகிற வயதா? இந்த அம்மாள் வெல்டிங் வைப்பாரா, வைத்தியம் பார்ப்பாரா? பார்க்கவில்லை. பார்க்கவும் மாட்டேன்.

செப்டம்பர் 28, ஞாயிறு

லாட்ஜ் சுவரில் ஒரு முருகன் காலண்டர். இடது கண்ணை மூடினேன். கிரீடம் இருக்கிறது. வேல் இருக்கிறது, மயில் இருக்கிறது. நடுவில் ஒன்றும் இல்லை. மலிவான அச்சு.

வலது கண்ணை மூடினேன். முருகன் சிரித்துக்கொண்டிருந்தார்.

செப்டம்பர் 29, திங்கள்

காலையில் மறுபடி பார்த்தேன். அப்படியே இருக்கிறது. பல் தேய்த்துவிட்டுப் பார்த்தேன். டிபன் சாப்பிட்டுவிட்டுப் பார்த்தேன்.

மேனேஜருக்குப் போன் போட எண்ணைத் தேடினேன், போடவில்லை. சொன்னால் அவர் முதலில் கேட்கப்போவது கண்ணைப் பற்றி இல்லை. கதவு எப்படித் திறந்திருந்தது என்று கேட்பார். அதற்குப் பிறகு நான் எழுதிய வாக்கியத்தை எனக்கே படித்துக் காட்டுவார். ஹேமலதாவிடமும் சொல்லவில்லை. வீட்டுக்கடன் என்னுடைய பெயரில் இருக்கிறது, மூளையும் என்னுடைய பெயரில்தான் இருப்பதாக அவள் நம்பிக்கொண்டிருக்கிறாள்.

பூஜை முடியட்டும். ஒப்படைத்துவிட்டு, சென்னையில் யாருக்கும் தெரியாமல் ஒரு டாக்டரைப் பார்த்துக்கொள்ளலாம். யார் கேட்டாலும் சர்க்கரை என்று சொல்லிக்கொள்ளலாம்.

பயமாக இருக்கிறது. எழுதிவிட்டேன், போதும்.

செப்டம்பர் 30, செவ்வாய்

கம்பெனியில் வேலை நடக்கவில்லை, அலங்காரம் நடக்கிறது. லேத்துக்குச் சந்தனம், டிரில்லிங் மெஷினுக்குக் குங்குமம், கம்ப்ரஸருக்கு மாலை. எமர்ஜென்சி பட்டன் சிவப்பாக, உருண்டையாக, அழகாக இருக்கிறதாம். அதன் தலையில் ஒரு கை சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைத்துவிட்டார்கள். லென்ஸுக்கும் பொட்டு வைக்க வந்தார்கள். கையைப் பிடித்துத் தள்ளினேன். "மெஷினுக்குக் கண்ணு அதுதானுங்களே, மை வெக்க வேண்டாமுங்களா?" என்கிறான் ஜோதிலிங்கம்.

நாச்சிமுத்து ஏற்பாட்டைச் சொன்னார். கற்பூரம் காட்டியதும் கலாமணி பட்டனை அழுத்த வேண்டும், வந்தவர்கள் முன்னால் மெஷின் ஒரு இம்பெல்லர் வெல்டிங் செய்ய வேண்டும். பூஜை போட்ட மெஷினை ஓட்டிக் காட்டாமல் விடுவது இங்கே வழக்கமில்லையாம். கதவு சாத்தியிருந்தால் ஓட்டிக் காட்டிக்கொள்ளுங்கள், ஜன்னல் கண்ணாடி வழியாகப் பார்க்கலாம் என்றேன்.

"சரிங்க," என்றார். அந்த 'ங்க'வை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

அக்டோபர் 1, புதன்

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் முறையாக எழுதுகிறேன்.

லாட்ஜில் வெந்நீர் வராமல் கிளம்பத் தாமதம். நான் போய்ச் சேர்ந்தபோது பூஜை தொடங்கிவிட்டது. ஷெட் முழுவதும் ஆட்கள். ஒறம்பரை என்று இவர்கள் சொல்கிற உறவுக்காரர்கள், வாடிக்கையாளர்கள், தொழிலாளர்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள். பிள்ளைகளெல்லாம் லேசர் கூண்டுக்கு எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்தார்கள். கலாமணியின் பெண் முதல் வரிசையில், புதுப் பாவாடை தாவணி.

கூண்டின் கதவில் வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். குலையோடு, ஆளுயரத்துக்கு, பக்கத்துக்கு ஒன்று. கதவு அகலத் திறந்திருந்தது. அந்த வாழையை வைத்துக்கொண்டு அதைச் சாத்தவே முடியாது. உள்ளே மேசையில் புதிதாகப் பாலிஷ் போட்ட இம்பெல்லர், கண்ணாடி மாதிரி பளபளவென்று. கதவு திறந்திருந்தால் பேனலில் சிவப்பு விளக்கு எரிய வேண்டும். பச்சை எரிந்துகொண்டிருந்தது.

நாச்சிமுத்து கற்பூரத்தை ஏற்றினார். பட்டுச்சேலை கட்டிய கலாமணி பட்டன் மேல் விரல் வைத்துக்கொண்டு, முதலாளி தலையாட்டுவதற்குக் காத்துக்கொண்டிருந்தார். கண்ணாடி போடவில்லை. பட்டுச்சேலைக்குப் பச்சைக் கண்ணாடி நன்றாக இருக்காதே.

பிள்ளைகள் மேல் மிதித்துக்கொண்டு ஓடினேன். யாருடைய பொரியோ சிதறியது. எமர்ஜென்சி பட்டனை ஓங்கி அடித்தேன். கையெல்லாம் சந்தனம். பேனலில் எல்லா விளக்கும் அணைந்தது.

பின்னால் ஒரு பெரியம்மாள், "சாமி காரியத்துல இப்படியா," என்றார்.

நாச்சிமுத்துவுக்கு முகம் சிவந்திருக்கும் என்று நினைக்கிறேன். "ஏனுங்க, பூஜை நேரத்துல என்னங்க இது?" என்றார். அப்போதும் 'ங்க'.

"கதவு தொறந்திருக்கு. பச்சை எப்படி எரியுது?"

ஜோதிலிங்கம் முன்னால் வந்தான். பெருமையாக. "நாந்தானுங் சார் போட்டேன். அன்னிக்கு நீங்க போட்ட மாதிரியே, ரெண்டு சானலுக்கும் தனித்தனியா. நீங்க வீசிட்டுப் போன ஒயரத்தான் எடுத்துப் பத்திரமா வெச்சிருந்தேன்." பேனலைத் திறந்து காட்டினான். என்னுடைய மஞ்சள் ஒயர்த் துண்டுகள் இரண்டும், திருகு இறுகி, சுத்தமாக, வரிசையாக இருந்தன. வந்த நாளிலிருந்து தொண்டை வறளக் கத்தியதில் அவன் என்னிடம் கற்றுக்கொண்ட ஒரே பாடம். அதில் ஒரு பிழைகூட இல்லை.

எடு என்றேன். கண்ணுக்குத் தெரியாத ஒளி, தெறித்தால் போயிற்று, விதி, பொறுப்பு என்று வகுப்பில் சொல்கிற எல்லாவற்றையும் சொன்னேன். யாரும் கேட்கவில்லை. கற்பூரம் அணையப்போகிறதே என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒரே தடவ ஓட்டீட்டு நிறுத்திப்போடறமுங்க," என்றார் நாச்சிமுத்து. "நல்ல நேரம் முடியப்போவுது. நீங்களே அன்னிக்குத் தெறந்து வெச்சுத்தானுங்களே ஓட்டுனீங்க? ஜோதி பாத்துட்டுத்தான இருந்தான். உங்களுக்கென்னங்க ஆயிப்போச்சு?"

ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லிவிட்டு, மெஷின் சாவியைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு லாட்ஜுக்குப் போயிருக்கலாம். அதையும் யோசித்தேன். ஆனால் நாளைக்கு நான் ரயில் ஏறிவிடுவேன், மஞ்சள் ஒயர் ஜோதிலிங்கத்தின் சட்டைப் பையில் இருக்கும். அடுத்த பூஜைக்கு, அடுத்த அவசரத்துக்கு, கதவு இடைஞ்சலாகத் தோன்றுகிற ஒவ்வொரு நாளும். கேட்டால் சென்னை இன்ஜினியரே இப்படித்தான் ஓட்டினார், அவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்பார்கள்.

இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டேன்.

"உங்க மூஞ்சி எனக்குத் தெரியலைங்க," என்றேன். "காது தெரியுது. தோள்ல துண்டு தெரியுது. பையில பேனாகூடத் தெரியுது. நடுவுல ஒண்ணுமே இல்ல."

அவர் நகர்ந்தார். மறுபடி எதிரில் வந்து நின்றார். இப்போதும் தெரியவில்லை என்று தலையை அசைத்தேன்.

"அன்னிக்குப் போச்சு. இந்தக் கதவு வழியாத்தான். 'சுடு' ஒயரை முந்தின நாள் நானே மாட்டியிருந்தேன், மறந்துட்டேன். ஜோதிலிங்கம் மேல ஒரு தப்பும் இல்ல. வலிக்கலை. இனி வராது."

முதலாளி முன்னால், சொந்தபந்தம் முன்னால், பொரி தின்கிற பிள்ளைகள் முன்னால் சொன்னேன். இத்தனை நாள் நான் மதிக்காத அத்தனை பேரும் அங்கே இருந்தார்கள். சந்தனக் கையால் பொத்தியதில் நல்ல கண் எரிந்து தண்ணீர் கொட்டியது. அழுகிறேன் என்று நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும், அதுவும் தப்பில்லை.

கலாமணி பட்டனிலிருந்து விரலை எடுத்தார். ஓடிப்போய்த் தன் பெண்ணின் கையைப் பிடித்துத் தரதரவென்று வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனார். பொரித் தட்டு உருண்டது. அதைப் பார்த்ததும் மற்ற பெண்களும் பிள்ளைகளை எழுப்பினார்கள்.

"ஏனுங்க இத்தன நாளாச் சொல்லல?" என்று மட்டும் நாச்சிமுத்து கேட்டார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே வாழைக்கன்றை அவிழ்த்தார். ஒன்றை அவிழ்ப்பதற்குள் கயிறு சிக்கிக்கொண்டது, ஜோதிலிங்கம் பல்லால் கடித்து எடுத்தான். மஞ்சள் ஒயரையும் அவனே கழற்றி என் கையில் கொடுத்தான், என் முகத்தைப் பார்க்காமல்.

கதவைச் சாத்தி, எல்லோரும் வெளியே நின்று, கலாமணி பட்டுச்சேலையும் பச்சைக் கண்ணாடியுமாகப் பட்டனை அழுத்தியபோது நல்ல நேரம் தாண்டி ராகுகாலம் பிறந்துவிட்டது. ராகுகாலத்தில் புது மெஷினை ஓட்ட நாச்சிமுத்து மாதிரி ஆள் சம்மதிப்பார் என்று யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். இம்பெல்லர் நன்றாக வந்தது. லென்ஸில் பார்க்க இடது கண்ணை வைத்தேன்.

அக்டோபர் 3, வெள்ளி

கண் ஆஸ்பத்திரி. நாச்சிமுத்துவே காரில் கூட்டிவந்தார். வேண்டாம் என்றால் கேட்கிற ஜாதியா?

சின்ன வயது டாக்டரம்மா, கட்டம் போட்ட அட்டை ஒன்றை நீட்டினார். "நடுவுல இருக்கற புள்ளியப் பாருங்க."

"எந்தப் புள்ளி?"

அதற்குப் பிறகு அவர் மெதுவாகப் பேசினார். இடது கண் நன்றாக இருக்கிறது. வலது கண்ணில் ஓரப் பார்வை இருக்கும், நடு திரும்பி வராது. இத்தனை நாள் எப்படித் தெரியாமல் இருந்தீர்கள் என்று கேட்டார். ஒரு கண் சொல்லாததை மற்றது நிரப்பிக்கொடுத்துவிடும், அதனால் பலருக்குத் தெரிவதில்லை என்று அவரே பதிலும் சொல்லிக்கொண்டார். எனக்குத் தெரிந்திருந்தது. இரண்டு சானல் ஒத்துப்போகவில்லை என்றால் அந்த லேசர் பூட்டிக்கொள்ளும். நான் லாட்ஜ் தண்ணீரைக் குறை சொன்னேன், டைல்ஸைக் குறை சொன்னேன், முருகனைக்கூட விடவில்லை.

வெளியே பெஞ்சில் நாச்சிமுத்து ஆரஞ்சு உரித்துக் கொடுத்தார். நாரை எடுக்கத் தெரியவில்லை மனுஷனுக்கு. சாப்பிட்டேன். பக்கத்துக் கம்பெனிக்காரர் தன்னுடைய லேசரைக் கதவு திறந்து வைத்துத்தான் ஓட்டுகிறாராம். "போய்ச் சொல்லீட்டு வந்தனுங்க. நம்பல. உங்களக் கூட்டிட்டுப் போவட்டுங்களா?" என்றார். என்னைக் காட்சிப்பொருளாக்கப் பார்க்கிறார். சரி, போகலாம் என்றேன்.

ஜோதிலிங்கம் போன் செய்தான். ஒவ்வொரு ஒயருக்கும் பெயர்ச்சீட்டு ஒட்டிவிட்டானாம். ஒன்றுவிடாமல் படித்துக் காட்டினான். நடுவில் நிறுத்து என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மேனேஜருக்கு ரிப்போர்ட் அனுப்பிவிட்டேன், மரியாதையான வார்த்தை ஒன்றும் போடாமல். சாயங்காலம் கூப்பிட்டார். எதிர்பார்த்தபடி விதியைப் படித்துக் காட்டினார். நல்ல வாக்கியம், வினைச்சொல் சரியான இடத்தில் இருக்கிறது. ஹேமலதாவிடம் அதற்கு முன்பே சொல்லிவிட்டேன். திட்டுவாள் என்று நினைத்தேன். "எந்த ரயில்ல வரீங்க, ஸ்டேஷனுக்கு வரேன்" என்றாள்.

அக்டோபர் 4, சனி

இன்று ஊருக்கு. லாட்ஜ் குளியலறைக் கண்ணாடி முன் நின்று சவரம் செய்தேன். வந்த நாளிலிருந்து இந்த ஊரில் ஒருவரையும் விடாமல் திட்டியாயிற்று, ஒரு ஆள் மட்டும் பாக்கி. அவனையும் இரண்டு வார்த்தை கேட்டுவிடலாம் என்று இடது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். காது இருந்தது. காதோரம் சோப்பு நுரை இருந்தது. திட்டுவதற்கு முகம் இல்லை.

இடது கண்ணைத் திறந்துகொண்டு மீதி சவரத்தை முடித்தேன்.